எல்லைக் கம்பியில் தேனீப் பெட்டிகள்

மார்ச் 3, திங்கள்
காலையில் தூறல். பஹாவ் ஊர்ப் பக்கத்து எஸ்டேட், காட்டு எல்லை. கம்பங்களுக்கு நடுவே கம்பி இழுத்து, பன்னிரண்டு தேனீப் பெட்டி தொங்கவிட்டோம். யானை கம்பியை இடித்தால் எல்லாப் பெட்டியும் ஆடி, தேனீ கிளம்பி விரட்டும். எண்ணெய்க்காக நட்ட செம்பனைக் கன்றுகளைக் காப்பாற்ற. எனக்குக் கழுத்தில் மூன்று கொட்டு.

வீட்டில் சொன்னேன். மனைவி மல்லிகாவின் தம்பி கணேசன் நாற்காலியிலிருந்து கேட்டான்: "தேனீக்குப் பயப்படற யானைக்கா மாமா நான் கால கொடுத்தேன்?"

போன வருஷம் அதே எல்லையில் யானை மிதித்த கால்.

மார்ச் 4
நல்ல வெயில். தேனீப் பெட்டி கொண்டுவந்த மலாய்ப் பெரியவர் பாக் ஹமிட்டிடம் கேட்டேன், அவ்வளவு தடித்த தோலில் கொடுக்கு எப்படி ஏறும் என்று. ஏறாதாம். தும்பிக்கைக்குள், கண்ணோரம், வாயில் கொட்டினால்தான் தாங்காதாம். குட்டிக்குத் தோலே மெல்லிசு. ஒருமுறை பட்டுவிட்டால் சத்தம் கேட்டாலே திரும்பிவிடுமாம். எப்போதும் அப்படி என்று நம்பாதே என்றும் சொன்னார்.
வாங்க: முகவலை, கையுறை, மல்லிகாவுக்குத் தலைவலி மாத்திரை.

மார்ச் 6, வியாழன்
விடிந்ததும் யானைகள் வந்தன. ஐந்து பெரியது, ஒரு குட்டி. லாரிக்குள்ளிருந்து பார்த்தேன். குட்டிதான் கம்பியில் முட்டியது. தேனீ கிளம்பியதும் தும்பிக்கையை உதறி ஒரே கத்தல். தாய் உடனே ஓடவில்லை. குட்டியை வயிற்றுக்கு அடியில் இழுத்துக்கொண்டு, தலையை ஆட்டி, மண்ணை வாரி இறைத்தது. பிறகு ஓர் உறுமல். எல்லாம் காட்டுக்குள்.
கன்று ஒன்றுகூடச் சேதமில்லை.

சாயங்காலம் கணேசனிடம் சொன்னேன். காலைத் தடவிக்கொண்டே, "அன்னிக்கும் குட்டி இருந்துச்சு மாமா. தாய் ஒரு பக்கம், குட்டி ஒரு பக்கம். நடுவுல என் மோட்டார் சைக்கிள். பயத்துல ஹாரன் அடிச்சிட்டேன்."
"ஏன்டா இவ்வளவு நாளா சொல்லல?"
"சொன்னா என் தப்புன்னு ஆயிடும் லா."
கதவருகே மல்லிகா. எல்லாம் கேட்டுவிட்டாள். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

மார்ச் 7, வெள்ளி
மேகமூட்டம். கணேசன் எல்லையைப் பார்க்க வேண்டும் என்றான். அடிபட்ட பிறகு அந்தப் பக்கம் போனதே இல்லை. காரில் உட்காரவைத்து, காலைத் தூக்கி உள்ளே வைத்தேன். மல்லிகா தடுப்பாள் என்று நினைத்தேன். வீட்டைப் பூட்டிவிட்டு வந்து, தம்பி பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.