அளக்காத தெரு

செப்டம்பர் 3

அன்புத் தம்பிக்கு,

நானும் என் தையல் மெஷினும் நலம். யாருக்கு முதலில் எண்ணெய் போடுவது என்பதில்தான் எங்களுக்குள் தகராறு. நீயும் உன் மனைவியும் சுகமா? போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

விஷயம் இதுதான். கடைக்கு எதிரே விளக்குக் கம்பத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தில் மண் கொட்டி, வண்டி நிறுத்துமிடம் கட்டப் போகிறார்களாம். ஆட்சேபம் இருந்தால் நவம்பர் 14 காலை பத்து மணிக் கூட்டத்தில் சொல்லலாமாம். மழை மாதமெல்லாம் தண்ணீர் நிற்கிற இடம். அதை மூடினால் தண்ணீர் எங்கே போகும்? நேராக என் கட்டிலுக்கு அடியில்தான்.

வார்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த கிளார்க் பெண் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைக் காட்டினாள். "மேப்ல தண்ணியே இல்லையேம்மா. காலி இடம்னுதான் போட்டிருக்கு. இல்லாத குளத்தை மூடக் கூடாதுன்னு நான் எப்படி எழுதி வாங்கறது?" என்றாள். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

நீ தலைமை அலுவலகத்தில் வரைபடப் பிரிவுக்கே பெரிய ஆள். அத்தனை தண்ணீர் ஒரு காகிதத்திலிருந்து எப்படிக் காணாமல் போகும்? கேட்டதிலிருந்து எனக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட மனம் போகவில்லை. விசாரித்து எழுது.

உன் அக்கா


செப்டம்பர் 19

அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பதில் போடாததற்கு வேலைதான் காரணம், வேறொன்றுமில்லை.

வரைபடம் போடுவது உன் தையல் மாதிரி இல்லை. ஆட்கள் தெருத் தெருவாக நடந்து, அளந்து, அளவுப் புத்தகத்தில் எழுதுவார்கள். அதைப் பார்த்துத்தான் படம் வரைவார்கள். கோடையில் அளந்திருந்தால் தண்ணீர் கண்ணில் பட்டிருக்காது. அப்படித்தான் இருக்கும்.

ஆனால் நீ குளம் என்று எழுதியதுதான் எனக்கு ஆச்சரியம். அது நாங்கள் பந்து விளையாடிய மைதானம்தானே? மழைக்குக் கொஞ்சம் தேங்கும், அவ்வளவுதானே? முழங்கால் வலியோடு அலுவலகப் படிகளை ஏறி இறங்காதே. பிப்ரவரியில் எனக்கு ஓய்வு. அப்புறம் வந்து உன்னோடு ஒரு மாதம் சண்டை போடுகிறேன்.

தம்பி


அக்டோபர் 12

அன்புத் தம்பிக்கு,

மழை பிடித்துக்கொண்டது. உன் மைதானத்துக்குப் போய்ப் பார்த்தேன். என் டேப்பை ஒரு நீளக் கழியில் கட்டி, எதிர்வீட்டு வயர்மேனைப் பிடிக்கச் சொன்னேன். அவர் முதல் தடவை டேப்பை நழுவவிட்டார், இரண்டாம் தடவை செருப்பை. மூன்றாம் தடவை அளவு கிடைத்தது: நாற்பத்தொரு அங்குலம். உன் பந்தாட்டக்காரர்களில் பாதிப் பேர் முழுகியிருப்பார்கள்.

தவிர ஒரு கறுப்புப் பறவை வந்திருக்கிறது. உடம்புக்குச் சம்பந்தமில்லாத நீளத்தில் விரல்கள். மிதக்கிற இலைகளின் மேலேயே நடக்கிறது, மூழ்குவதில்லை. எப்படி என்று பார்த்துக்கொண்டே நின்றதில் ஒரு ரவிக்கைக்குக் கை இரண்டையும் இடது பக்கமாகவே வெட்டிவிட்டேன்.

என் அளவைக் கொண்டுபோய்க் கிளார்க்கிடம் கொடுத்தேன். தையல் டேப் செல்லாதாம், அரசு முத்திரை குத்திய அளவுகோல் வேண்டுமாம். ஆனால் அவளுக்கும் ஆர்வம் வந்துவிட்டது. உள்ளே போய்த் தேடிவிட்டு, கையெல்லாம் தூசியோடு வந்தாள். "அதிசயமா இருக்கும்மா. எல்லாத் தெருவுக்கும் அளவுப் புத்தகம் இருக்கு. உங்க தெருவுக்கு மட்டும் இல்ல. அளக்காமலே வரைஞ்சிருக்காங்க. அந்த ஆளே வந்து தப்புன்னு சொன்னா ஒரு நிமிஷத்துல மாத்திடலாம்" என்றாள்.

இருபது வருஷமாக எனக்குப் பழக்கமான உடம்பையே நான் ஒவ்வொரு தடவையும் அளந்துதான் துணியில் கத்தரி வைக்கிறேன். ஒரு முழுத் தெருவை அளக்காமல் வரைந்த அந்த மகான் யார்? கண்டுபிடித்துச் சொல். அவருக்கு ஒரு சட்டை தைத்துத் தருகிறேன், அளவெடுக்காமல்.

உன் அக்கா


அக்டோபர் 24

அக்கா,

அந்த மகான் நான்தான்.

உன் முதல் கடிதம் வந்த அன்றே பழைய படத்தை எடுத்துப் பார்த்தேன். மூலையில் என் கையெழுத்து. வேலையில் சேர்ந்த புதிது. எனக்குக் கொடுத்த அத்தனை தெருவையும் வெயிலில் நடந்து அளந்தேன். நம் தெரு வந்ததும், பிறந்து வளர்ந்த இடத்தை என்னத்தை அளப்பது என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே வரைந்துவிட்டேன். ஒவ்வொரு வாசலும் மனப்பாடம். உன் ஜன்னலைக்கூடப் போட்டிருக்கிறேன், பார். பள்ளம் வந்தபோது மைதானம்தான் கண்ணில் வந்தது. அங்கே தண்ணீரை நான் பார்த்ததே இல்லை அக்கா. மழை மாதமெல்லாம் இளைப்போடு தெருப்பக்க அறையில் படுக்கையில் கிடந்தேன். வேலைக்கு வந்தபின் விடுமுறைக்கு வந்ததும் கோடையில்தான்.

இப்போது நான் வாயைத் திறந்தால், நான் வரைந்த ஒவ்வொரு படத்தையும் தூசி தட்டிப் பார்ப்பார்கள். இன்னும் நாலு மாதம். நல்ல பேரோடு இறங்கிவிடலாம் என்றிருந்தேன். வேறு வழியில் ஆட்சேபம் கொடுக்க முடியுமா, பாரேன். என் பேர் வேண்டாம். கேட்கவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

தம்பி


நவம்பர் 3

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் மெஷின் இழுப்பறையில் போட்டுப் பூட்டிவைத்தேன். கோபம். ஒன்றரை மாதம் என்னைக் கோடை, அளவுப் புத்தகம் என்று சுற்றவிட்டாயே. நாலாவது நாள் திறந்து மறுபடி படித்தேன். "தண்ணீரை நான் பார்த்ததே இல்லை" என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

நீ பார்க்காமல் இருந்ததற்கு நான்தான் காரணம்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, உன்னைப் பார்க்க வந்த பள்ளிக்கூடப் பையன்கள் பின்பக்கம் பெரிய குளம் நிற்கிறது என்று சொன்னதும் படுத்தபடியே என்னைக் கேட்டாய். "உன்னைக் கிண்டல் பண்றாங்கடா" என்றேன். தவளைச் சத்தம் கேட்டபோது, பக்கத்து வீட்டுக் கிணற்றில் என்றேன். தெரிந்தால் நீ ஓடிப்போய் நனைவாய், மூச்சு நின்றுவிடும் என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். நான் மட்டும் தினமும் போவேன். திரும்பி வந்து, உன் அறைக்கு வருவதற்கு முன் குழாயடியில் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவேன், ஒரு பொட்டுச் சேறு தெரியாமல். நீ என்னை நம்பினாய். யார் என்ன சொன்னாலும் அக்கா சொன்னால்தான் உனக்கு உண்மை.

ஆக அந்தப் படத்தை இரண்டு பேரும் சேர்ந்துதான் வரைந்திருக்கிறோம். உன் கையெழுத்து மட்டும் தெரிகிறது.

உன் பேரை யாரிடமும் சொல்ல மாட்டேன். கூட்டத்துக்கு நானும் வயர்மேனும் இன்னும் ஒன்பது பேரும் போகிறோம். செல்லாத டேப்பைத்தான் கொண்டுபோகிறோம். தெருச் சங்கத் தலைவர் தன் காருக்கு இடம் கிடைக்கிற சந்தோஷத்தில் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார், சிரிக்கட்டும். உன்னைக் கேட்பது ஒன்றுதான். மூடுவதற்குள் ஒரு தடவையாவது வந்து அதைப் பார். நான் உன்னிடமிருந்து திருடிவைத்துக்கொண்டதை உனக்குக் காட்ட வேண்டும்.

அக்கா


நவம்பர் 14, காலை ஏழே முக்கால்
உன் கடை வாசற்படி

அக்கா,

விடிகிற நேரத்துப் பேருந்தில் வந்து இறங்கினேன். உன்னை எழுப்பாமல் நேரே பின்பக்கம் போனேன். அலுவலக அளவுகோலையும் தூக்கிவந்தேன். நடத்துநர் அதற்கு ஒரு டிக்கெட் போடலாமா என்று யோசித்தார்.

இவ்வளவு பெரிசா? நீ ஏன் எழுத்தில் அடக்கியே சொன்னாய்? முதலில் கரையில் நின்று வெறுமனே பார்த்தேன். பிறகு இறங்கிவிட்டேன். ஐம்பத்தொன்பது வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. மார்பு லேசாக இழுக்கிறது. அம்மா இருந்தால் இன்று நம் இரண்டு பேருக்கும் அடி விழுந்திருக்கும்.

உன் பறவையைப் பார்த்தேன். கறுப்பு இல்லை, நல்ல தவிட்டு நிறம். கண்ணாடியை மாற்று. அது ஏன் மூழ்குவதில்லை என்றால், அந்த நீள விரல்கள் தன் எடையை இலை முழுக்கப் பரப்பிவிடுகின்றன.

இதை அளவுப் புத்தகத்தின் இரண்டாம் தாளில் எழுதுகிறேன். முதல் தாள் என் பையில் இருக்கிறது. தெருவின் பெயர், தேதி, ஒன்பது இடங்களில் ஆழம், அதிகபட்சம் நாற்பத்துமூன்று அங்குலம். அடியில், முன்பு அளக்காமல் வரைந்தவரும் இப்போது அளந்தவரும் ஒருவரே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பத்து மணிக்கு அதை நானே எழுந்து வாசிப்பேன். பிப்ரவரியைப் பிப்ரவரியில் பார்த்துக்கொள்ளலாம்.

நேரில் இவ்வளவும் எனக்குச் சொல்ல வராது. அதனால் இந்தத் தாளை உன் கடைக் கதவிடுக்கில் செருகிவிட்டு, உன் வீட்டுக்கு வருகிறேன். முட்டிவரை சேறு. குழாயடியைத் தாண்டித்தான் வருவேன், கால் கழுவ மாட்டேன்.

உன் தம்பி