தோளில் மிஞ்சிய கை

மார்ச் 4

என் தங்கக் குட்டிக்குப் பாட்டி எழுதுவது. போனில் நீ பேசுவது எனக்குக் கொரகொரவென்றுதான் கேட்கிறது, அதனால் கடிதம். எல்லோரும் சுகம். என் முட்டிவலி எங்களைவிட சுகமாக இருக்கிறது.

முதலில் சந்தோஷச் செய்திகள். உன் அத்தை மகன் ரயில் ஓட்டும் பரீட்சையில் தேறிவிட்டான். அவன் தங்கைக்கு நீச்சலில் வெள்ளிப் பதக்கம். தங்கம் வாங்கிய பிள்ளை இவளைவிட ஒரு முழம் உயரமாம், அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சித்தப்பாவின் கடைக்குட்டி மேடையேறி ஒரு வரி மறக்காமல் பேசினான். எல்லாவற்றுக்கும் மேலே நீ! பேப்பரில் நீயும் நீ ஆராய்ந்து கண்டுபிடித்த இரட்டை நட்சத்திரமும். மருந்துக்கடைக்காரர், தையல்காரம்மா, மாடிவீட்டு வாத்தியார், ஒருவரையும் விடவில்லை, படித்துக் காட்டிவிட்டேன்.

கூடத்தில் மாட்ட உன் படம் வேண்டியிருந்தது. நீ கல்லூரியில் சேர்ந்த அன்று அக்காவோடு வாசலில் நின்று எடுத்ததுதான் கிடைத்தது. சட்டம் சின்னது, அதனால் உன்னை மட்டும் கத்தரித்து வைத்தேன். பாந்தமாக இருக்கிறது. உன் தோளில் அக்காவின் கை மட்டும் மிஞ்சிவிட்டது. அதை வெட்டினால் உன் தோளும் போய்விடும்.

அக்கா எப்போதும்போலத்தான். சலவைக்கடைக்குப் போகிற வழியில் இதைத் தபாலில் போடுவாள்.

புதுசாக ஒரு படம் எடுத்து அனுப்பு.

உன்னால் தலைநிமிர்ந்து நடக்கும்
பாட்டி


மார்ச் 19

அன்புள்ள பாட்டி,

உன் கடிதத்தைச் சிரித்துக்கொண்டே படித்தேன், அந்தக் கை வரும்வரை. அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை.

என் நட்சத்திரத்தைப் பற்றிப் பேப்பரில் பாதிதான் வந்தது. மீதியைக் கேள். கண்ணுக்கு அது ஒரே புள்ளி. உண்மையில் ஒன்றாய்ப் பிறந்த இரண்டு பேர், ஒருவரையொருவர் ஓயாமல் சுற்றுகிறார்கள். ஒருத்தி வெள்ளையாகக் கொதிக்கிறாள். இன்னொருத்தி உடம்பு ஊதி, சூடு இறங்கி, ஆரஞ்சு நிறத்தில் மங்கிக் கிடக்கிறாள். மூன்று நாளைக்கு ஒருமுறை மங்கல்காரி குறுக்கே வருவாள், வெளிச்சம் சட்டென்று குறையும். அவள் இருப்பதே அந்தக் குறைச்சலால்தான் எங்களுக்குத் தெரிந்தது.

எடை போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கனமான நட்சத்திரம்தான் முதலில் முதுமையடையும். இங்கே முதுமையடைந்தவள் மங்கல்காரி, ஆனால் எடை அவளுக்குத்தான் குறைவு. அப்படியென்றால் ஒரு காலத்தில் அவள்தான் கனமானவள். அவள் உடம்பு வாயுவெல்லாம் வெள்ளைக்காரி பக்கம் வழிந்திருக்கிறது. இன்னும் வழிகிறது. இவள் ஜொலிப்பது அவள் கொடுத்ததில். ஆனாலும் எங்கள் கட்டுரைகளில் இவள்தான் முதன்மை, அவள் வெறும் துணை.

அப்பா இறந்த வருஷம் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது அக்காவுக்கு. அவள் அதை விட்டு இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தாள், அந்தக் காசில் பின்னால் நான் படித்தேன். "யாரால இந்த அளவுக்கு வந்தீங்க?" என்று பேப்பர்க்காரர் கேட்டபோது பேராசிரியரைச் சொன்னேன். சலவைக்கடை என்று அச்சில் வருமே என்று கூசிவிட்டேன் பாட்டி. நீ கத்தரிக்கோலால் செய்ததை நான் அதற்கு முன்பே வாயால் செய்திருக்கிறேன்.

இங்கே வந்து ஒரு மாதம் இரு என்று அவளை எப்போது கூப்பிட்டாலும், "பாட்டிக்கு யாரு இருக்கா?" என்று முடித்துவிடுகிறாள். நீ ஒரு வார்த்தை போ என்றால் வருவாள். சொல்வாயா?

அவளுடைய பாதிப் படம் எங்கே?

குட்டி


ஏப்ரல் 6

குட்டிக்கு,

உன் கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்ததும் அந்தப் பாதியைத் தேடினேன். தையல் டப்பாவில் இல்லை, அலமாரிக்கு அடியிலும் இல்லை. கடைசியில் பெரியவளிடமே கேட்க வேண்டியதாயிற்று. துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"குப்பையில கிடந்துச்சு. எடுத்து வச்சிருக்கேன்."

"கோபமாடி?"

"எதுக்கு? அதான் கையை சுவத்துல மாட்டியிருக்கியே. வேலை செய்யறது அதுதானே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நீ கேட்டபடி போ என்று சொன்னேன். உடனே சண்டை.

"நீ மாத்திரையை மாத்தி முழுங்குவே. அடுப்பை அணைக்க மறப்பே."

"உங்கப்பனைப் பெத்து வளத்தவடி நான். எனக்கு அடுப்பு அணைக்கத் தெரியாதா?"

"அப்ப போன வாரம் பாலைத் தீய விட்டது யாரு, பக்கத்து வீட்டுப் பூனையா?"

அடி பிடித்த அந்தப் பாத்திரத்தை நான் இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன்னிடம் மறைக்க மாட்டேன் குட்டி. முட்டிவலி, முட்டிவலி என்று நானே சொல்லிச் சொல்லி அவளைப் பிடித்து வைத்திருந்தேன். அவள் இருந்தால் எனக்குச் சௌகரியம், அவ்வளவுதான். உன்னைப் பற்றித் தெருவெல்லாம் அளந்த இந்த வாய், அவளைப் பற்றி ஒருவரிடமும் ஒன்றும் சொன்னதில்லை. கூடவே இருப்பவளைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

வாத்தியார் மனைவி எனக்குத் துணைக்கு வந்து படுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். அதைக் கேட்ட பிறகுதான் பெரியவள் முகம் இளகியது. "ஒரே மாசம்தான், சொல்லிட்டேன்" என்று என்னை மிரட்டிவிட்டுப் பெட்டியை இறக்கித் துடைக்கிறாள். டிக்கெட் போடு. போன கடிதத்துச் சந்தோஷச் செய்திகளில் அவள் விட்டுப்போனாள், அதற்கும் சேர்த்து இது: நம் பெரியவள் விமானம் ஏறப்போகிறாள். மருந்துக்கடைக்காரரிடம் சொல்லியாயிற்று. "உங்களுக்கு இன்னொரு பேத்தியா?" என்று அவர் கேட்டார். தினமும் அவரிடம் எனக்கு மாத்திரை வாங்குகிறவள் அவள்தான். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுக்கவில்லை. தெருமுனைத் தபால் பெட்டிவரை நானே நடந்து போய்ப் போடுகிறேன்.

அவளிடமிருந்த பாதியை வாங்கி, இரண்டையும் ஒட்டிப் பார்த்தேன். ஒட்டுகிறது, ஆனால் கத்தரி போன கோடு மறையவில்லை. சுவரில் இப்போது வெறும் ஆணிதான் இருக்கிறது. அகலமான சட்டம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அவள் அங்கே வந்ததும், ஒருத்தியை ஒருத்தி மறைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் நின்று, புதுசாக ஒரு படம் எடுத்துத் தபாலில் போடு.

இருவருக்கும்
பாட்டி