கீல் சரியாகிவிட்டது

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

போனை எடுக்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாய், அதனால் எழுதுகிறேன். நான் நலம். உன் அண்ணன் வீட்டில் கவனிப்புக்குக் குறை இருக்காது, தெரியும்.

உன் குட்டி லேப்டாப்பைப் பிரித்துப் பார்த்தேன். இடது பக்கக் கீலில் விரிசல். அதைத் திருகியிருந்த பிளாஸ்டிக்கும் பொடிப்பொடி. அன்றைக்கு நான் மூடியது கொஞ்சம் வேகம்தான். கடைக்காரன், "முழு மூடியையும் மாத்தணும் சார்" என்று கதை விட்டான். போய்யா என்று வந்துவிட்டேன். நானே சரி செய்கிறேன், நீயும் வந்துவிடு. உன் கத்தல் இல்லாமல் வீடு என்னவோபோல் இருக்கிறது.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 9

மதிப்பிற்குரியவருக்கு,

அண்ணிதான் சாப்பாடு ஊட்டிவிட்டார், வலது கையில் கட்டு இருந்ததால். நீங்கள் மூடியபோது நடுவில் என் கை இருந்ததே! கீல், பிளாஸ்டிக் என்று எழுதிய மனுஷருக்கு அது மட்டும் மறந்துவிட்டதா?

கட்டைப் பிரித்தாயிற்று. மோதிர விரல் மடங்க மறுக்கிறது. வக்கீல்களுக்குத் தட்டச்சு செய்கிறவளுக்கு விரல்தானே எல்லாம். லிப்ட் வேலையில், மூடுகிற கதவுக்கு நடுவில் ஊர்க்காரர்கள் கை வைத்தால் தானாகத் திறக்கும்படி செய்து கொடுக்கிறீர்கள். வீட்டில் மட்டும் ஏன் இப்படி?

கம்ப்யூட்டரை உடைந்தபடியே அனுப்புங்கள், வேலை தேங்கிக் கிடக்கிறது. கூடவே, "கை எப்படி இருக்கு?" என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவேன். உங்களிடம் மட்டும் எனக்கு ரோஷம் கிடையாது.

வாயாடி


மார்ச் 17

அன்புள்ள வாயாடிக்கு,

உடைந்த பொருளை அனுப்ப மனசு வரவில்லை, அதான் தாமதம். முதல் தடவை ஒட்டியது பிய்ந்துவிட்டது. கீலின் இறுக்கத்தைத் தளர்த்தாமல், பசை காய்வதற்குள் திறந்து பார்த்தேன். முழுக்க என் தப்பு. சொல்ல எனக்கென்ன வெட்கம்? அப்புறம் திருகாணி பிடிக்கப் புது மரை பதித்து, கீழே தகடு கொடுத்து முடுக்கிவிட்டேன்.

கை விஷயம் எழுதியிருந்தாய். நீயும் அந்த நேரத்தில் கையை எடுத்திருக்கலாம். சரி, பழசைக் கிளற வேண்டாம். பார்சல் அனுப்பிவிட்டேன். இனி எவ்வளவு வேகமாக மூடினாலும் உடையாது. எப்போது வருகிறாய்?

உன் வீட்டுக்காரன்


மார்ச் 22

ஐயா,

கம்ப்யூட்டர் வந்தது. நன்றாகத் திறக்கிறது. "மாப்பிள்ளை கைவேலையே தனி" என்று அண்ணன்கூட அசந்துபோனார்.

"முழுக்க என் தப்பு" என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்படி எழுத உங்களுக்கு வரும் என்பதே இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. பசைக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை. வயிறு எரிகிறது.

இனி எவ்வளவு வேகமாக மூடினாலும் உடையாது என்கிறீர்கள். என் விரல் உடையும். நான் வரவில்லை.

என் துணிமணிகளை எடுக்க அண்ணன் வருவார். அவரிடமாவது கீலைப் பற்றிப் பேசாமல் இருங்கள்.

இப்படிக்கு,
அவருடைய தங்கை