ஜாமீன் கையெழுத்து

ஜனவரி 14, செவ்வாய்

நான்காம் வகுப்பில் இந்த வருஷம் அறுபத்து மூன்று பிள்ளைகள். பெஞ்சுகள் நாற்பது பேருக்குத்தான் போதும். மீதிப் பேரை ஜன்னல் திண்டில் உட்கார வைத்துவிட்டு, ஒரு வாரமாகக் கத்தியதில் தொண்டை கட்டிப்போச்சு.

பள்ளி விட்டதும் சுனேகா ஊருக்குப் போய் அந்த நிலத்தை மறுபடி பார்த்தேன். ஐம்பதுக்கு நூறடி. சரிவு கொஞ்சம் அதிகம், ஆனால் மண் நல்ல சிவப்பு. விற்கிற பொசிபோரி அம்மா கையை உதறிச் சொல்லிவிட்டாள்: "மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும்தான் டீச்சர். அதுக்கு மேல என் மகனுங்க பொறுக்க மாட்டானுங்க." ஏழு லட்சம் ஷில்லிங்.

வாங்கியே தீருவேன்.

ஜனவரி 19, ஞாயிறு

நேற்று சித்தப்பாவை அடக்கம் செய்தோம். எங்கள் கிசி பக்கத்தில் அவரவர் மண்ணில்தான் குழி. மண் தள்ளி முடியவில்லை, பாட்டுக்கூட ஓயவில்லை, அண்ணன் ஒம்பாத்தி எல்லார் முன்னாலும் ஆரம்பித்துவிட்டான்.

"கெருபோ, புருஷனை விட்டு வந்து ஒன்பது வருஷமாச்சு. நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்க கொண்டுபோய் வைக்கிறது? இங்க எடம் இல்ல, இப்பவே சொல்லிட்டேன்."

எனக்கு நாற்பத்து மூணு வயசு. எனக்குக் குழி அளக்கிறான்! பக்கத்தில் நின்ற அத்தைமார் தலையை ஆட்டுறாங்க. டேய், செத்தப்புறம் எங்க வெச்சா எனக்கென்ன? உயிரோட இருக்கறப்ப உட்கார எனக்கு ஒரு எடம் வேணும். அப்பாவின் ரெண்டு ஏக்கரும் அவன் பேரில். பெண்பிள்ளைக்கு எதற்கு என்று அப்பாவே சொல்லிவிட்டுப் போனார்.

அழவில்லை. வண்டி ஏறினபிறகு கொஞ்சம் அழுதேன்.

ஜனவரி 25, சனி

உட்கார்ந்து யோசித்தேன். பதினாலு வருஷமாக ஆசிரியர் சேமிப்புச் சங்கத்தில் மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு. நாலு லட்சத்து இருபதாயிரம் ஆகியிருக்கிறது. சேமிப்பைப்போல மூணு மடங்கு வரை கடன் தருவார்கள், மூணு உறுப்பினர்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டால். சேமிப்பை அப்படியே விட்டுவிட்டு ஏழு லட்சம் கடன் வாங்கி, ஆறு வருஷத்தில் அடைத்துவிடலாம். சம்பளம் சங்கத்துக்குத்தானே வருகிறது, அங்கேயே பிடித்துக்கொள்வார்கள்.

கணக்கு சரியாக வருகிறது. என் வாழ்க்கையில் ஒரு தடவையாவது.

பிப்ரவரி 3, திங்கள்

சரியாக வரவில்லை.

சங்கத்து மேனேஜர் மகோரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். "டீச்சர், உங்க சேமிப்புல ஒண்ணரை லட்சத்தை நிறுத்தி வெச்சிருக்கோமே. ஒன்சொங்கோ சாருக்கு ஜாமீன் போட்டீங்கல்ல? அவர் அஞ்சு மாசமா கட்டல. கடிதம் வரலியா? அவரோட பாக்கி நாலரை லட்சத்தை உங்க மூணு பேர்கிட்டேருந்தும் எடுக்கப் போறோம். அது தீர்ற வரைக்கும் புதுக் கடன் கிடையாது."

மூணு பேர்: நான், எங்கள் பள்ளியிலேயே இருக்கிற மொரா டீச்சர், நியாம்வேயா சார். ஒன்சொங்கோ எங்கள் பள்ளியின் துணைத் தலைமையாசிரியர். சங்கத்தின் நிர்வாகக் குழுவிலும் இருக்கிறார். புதுக் காரில் வருகிறார்.

எப்போது கையெழுத்துப் போட்டேன்? வரும் வழியெல்லாம் யோசித்து, மலையேறும் இடத்தில்தான் ஞாபகம் வந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஆசிரியர் அறையில், டீ நேரத்தில். அவரே காசு போட்டு, எண்ணெயில் பொரித்த மண்டாசி வரவழைத்திருந்தார். நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "சும்மா ஒரு கையெழுத்து டீச்சர், சம்பளத்துலயே பிடிச்சுக்குவாங்க" என்று தாளை நீட்டினார். ஒரு கையில் மண்டாசி, மறு கையில் சிவப்புப் பேனா. அந்தச் சிவப்புப் பேனாவாலேயே போட்டேன். படிக்கவில்லை. யார்தான் படிக்கிறோம்? எங்கள் அறையில் எல்லாரும் எல்லாருக்கும் போட்டிருக்கிறோம். "படிச்சுட்டுத் தரேன்" என்று சொன்னால் மரியாதை தெரியாதவள் என்பார்கள்.

நாள் முழுக்கப் பிள்ளைகளிடம் "கேள்வியை முழுசா படி, அப்புறம் எழுது" என்று கத்துகிறவள் நான். வெட்கக்கேடு.

பிப்ரவரி 4, செவ்வாய்

அவரிடமே கேட்டேன். ஐந்து மாதத்துக்கு முன் சம்பளத்தைச் சங்கத்திலிருந்து ஒரு பேங்குக்கு மாற்றிக்கொண்டாராம். அங்கே புதுக் கடன் தந்தார்களாம். அதில்தான் கார். சங்கத்துக்கு இனி சம்பளம் வராது, ஆகவே பிடித்தமும் இல்லை. இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு கூச்சம்கூடக் கிடையாது.

"ஏன் டீச்சர் பதறுறீங்க? உங்களுக்கென்ன, தனியாள். பிள்ளையா குட்டியா, எதுக்குப் பணம்?"

இந்த டைரியில் இந்தப் பக்கத்திலிருந்து அவர் இல்லை. அவன்.

பிப்ரவரி 8, சனி

மொரா சொன்னாள் என்று அந்த பேங்குக்கே போய்ப் பார்த்தேன். "சங்கத்தை விட்டுத் தொலை. சேமிப்பையெல்லாம் பேங்குக்கு மாத்திடு. அங்கதான் மரியாதை" என்றாள்.

மரியாதைக்குக் குறைவில்லை. குளிர்ந்த காற்று, குடிக்கத் தண்ணீர், பேரைக் கூப்பிட்டு நாற்காலி. கடன் பகுதியில் ஒரு பெண், நகமெல்லாம் பளபளக்க, இனிமையாகப் பேசினாள். கணக்கு வைக்க மாதாமாதம் கட்டணம். பணம் எடுத்தால் கட்டணம். கடனுக்கு நிலப் பத்திரம் அடமானம். நிலம் வாங்கத்தான் கடனே, பத்திரத்துக்கு எங்கே போவேன்? "அப்போ உங்க ஹஸ்பண்டோட பத்திரம் இருந்தா கொண்டு வாங்க மேடம், அவரும் வந்து ஒரு கையெழுத்துப் போடட்டும்."

தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு வந்துவிட்டேன். சங்கத்தில் வருஷக் கடைசியில் எனக்கு லாபப் பங்கு தருகிறார்கள். இங்கே என் காசை வைத்துக்கொள்ள நான் அவர்களுக்குத் தரணுமாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்னொன்றும் தோன்றுகிறது. பேங்கில் நான் வாடிக்கையாளர். சங்கத்தில் நான் பங்குதாரர். பதினாலு வருஷமாக அந்தக் கட்டிடத்தின் ஒரு செங்கலாவது என்னுடையது. திருடினவன் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான், நான் ஏன் எழுந்து போகணும்? மாட்டேன்.

பிப்ரவரி 15, சனி

சேரும்போது கொடுத்த விதிப் புத்தகத்தைத் தேடினேன். மாவு டின்னுக்கு அடியில், ஆட்டம் நிற்க முட்டுக்கொடுத்திருந்தேன். துடைத்துப் படித்தேன். இரண்டு தடவை.

முப்பத்தொன்றாம் விதி: கடன் கட்டாதவனின் சொந்தச் சேமிப்பை முதலில் எடுக்கவேண்டும், பிறகுதான் ஜாமீன்தாரர்களுடையதை. நாற்பத்து நாலாம் விதி: மூணு மாதம் தவணை தவறிய குழு உறுப்பினர் பதவியை இழக்கிறார்.

ஐந்து மாசமாச்சு! அவன் சேமிப்பில் ஒரு ஷில்லிங்கைத் தொடவில்லை. அவன் இன்னும் குழுவில். எங்கள் மூணு பேர் பணத்தைப் பிடுங்க மட்டும் கடிதம் அடித்தாகிவிட்டது. என்ன அநியாயம் இது, காதுல பூ சுத்துறானுங்களா?

பிப்ரவரி 17, திங்கள்

மகோரியிடம் விதியைக் காட்டினேன். "படிச்சிருக்கீங்களே!" என்றார், ஏதோ நான் அவர் பையில் கை விட்டதுபோல. பிறகு மெதுவாக, "குழுவுல இருக்கறவரு மேல நான் எப்படி டீச்சர் கை வைக்கிறது? எனக்குச் சம்பளம் போடறதே அவங்கதான்."

"அவங்களுக்கு யார் சம்பளம் போடறா?"

மறுபடி கண்ணாடி துடைத்தார்.

பிப்ரவரி 26, புதன்

மொரா என்னோடு நிற்க மாட்டாளாம். அவள் மாற்றல் கேட்டு எழுதிய மனு ஒன்சொங்கோ மேசையில் இருக்கிறது. நியாம்வேயா சார் ஓய்வுக்கு இன்னும் எட்டு மாசம். "பார்ப்போம்மா" என்றார். முப்பத்து நாலு வருஷமாக எல்லாவற்றையும் பார்த்தே கழித்த மனுஷன்.

சரி. தனியாகத்தான். தனியாள் என்று அவனே சொல்லிவிட்டானே.

மார்ச் 15, சனி

பொதுக்கூட்டம். சர்ச் மண்டபத்தில் முந்நூறு ஆசிரியர்கள். வழக்கம்போல வாசலில் கையெழுத்துப் போட்டதும் வழிச்செலவுக்கு ஆயிரம் ஷில்லிங், ஒரு சோடா, ஒரு பாக்கெட் ரொட்டி, இந்த வருஷம் ஒரு குடையும். லாபப் பங்கு ஒன்பது சதம் என்றதும் கைதட்டல். எல்லாரும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயார். ஒன்சொங்கோ மேடையில் மூணாவது நாற்காலி.

"வேறு விஷயங்கள்" என்றார் தலைவர், யாரும் இருக்காது என்ற நம்பிக்கையில். நான் எழுந்தேன். அறுபத்து மூன்று பிள்ளைகளிடம் கத்துகிற குரல், மைக் எதற்கு?

முப்பத்தொன்றைப் படித்தேன். நாற்பத்து நாலைப் படித்தேன். பிறகு கேட்டேன், "இந்த மேடையில ஆறு மாசமா கடன் கட்டாதவங்க யாராவது இருக்கீங்களா?"

"டீச்சர், இதெல்லாம் ஆபீஸ்ல பேசற விஷயம், உட்காருங்க" என்றார் தலைவர்.

"ஆபீஸ்ல பேசினேன். சம்பளம் போடறவங்க மேல எப்படிக் கை வைக்கிறதுன்னு கேட்டாங்க."

சிரிப்பு. ஒன்சொங்கோ எழுந்தான். "புருஷனோட ஒழுங்கா குடும்பம் நடத்தத் தெரியாதவ, சங்கத்தை நடத்தக் கத்துக் குடுக்கறா!"

எனக்குக் காது சுட்டது. "ஆமா சார், விட்டுட்டு வந்தேன்" என்றேன். "வரும்போது யார் பணத்தையும் தூக்கிட்டு வரல. உங்க பேரைக்கூட நான் இன்னும் சொல்லல. நீங்களே எழுந்துட்டீங்க."

அப்புறம் அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது! பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "எனக்கும் இதே மாதிரி கடிதம் வந்திருக்கு!" என்றாள். இன்னொருவர், இன்னொருவர். குடைகளால் தரையைத் தட்டினார்கள். கடைசியில் கைதூக்கச் சொன்னார்கள். மொரா கை தூக்கியது கண்ணில் பட்டது.

அவன் குழுப் பதவி போச்சு. அவன் சேமிப்பு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் முதலில் கடனில் கழியும். மீதிக்குக் காரின் பதிவுப் புத்தகத்தைச் சங்கத்தில் ஒப்படைக்கணும். எங்கள் மூணு பேர் சேமிப்பும் விடுதலை.

ரொட்டியைத் திரும்பி வரும் பஸ்ஸிலேயே முழுசாகத் தின்றேன். அப்படி ஒரு பசி.

மார்ச் 18, செவ்வாய்

ஆசிரியர் அறையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கிறது. நல்லது, தாள் திருத்த வசதி.

ஆனால் என் கடனுக்கு மூணு கையெழுத்து வேணும். மொரா உடனே போட்டுவிட்டாள், படிக்காமல். "படிடி!" என்று அதட்டி, படிக்க வைத்து, மறுபடி வாங்கினேன். பின்வரிசையில் எழுந்த அந்தப் பெண், கெரோகா பள்ளி டீச்சர், போன் செய்து தானே வந்து போட்டாள். மூணாவது? எல்லாருக்கும் திடீரென்று பேனா தொலைந்துவிட்டது.

மார்ச் 21, வெள்ளி

நியாம்வேயா சார் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் மூணு நாள் ஆகிறது. நாள் ஓடுதே! இன்றைக்கு உட்காரச் சொன்னார். சம்பளச் சீட்டு எங்கே? எவ்வளவு வாடகை? உடம்புக்கு முடியாமல் போனால் எப்படிக் கட்டுவே? நிலத்தில் வில்லங்கம் இல்லையென்று பதிவு அலுவலகத்தில் பார்த்தாயா?

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்ன சார், என்மேல நம்பிக்கையில்லையா?"

"ஒன்சொங்கோமேல நம்பிக்கை வெச்சேன். உன்மேல கணக்கு வெக்கிறேன், கோவிச்சுக்காத."

அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. போய் வாடகை ரசீதை எடுத்து வந்தேன். அவர் அதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

மார்ச் 24, திங்கள்

போட்டார். ஒவ்வொரு பக்கத்திலும்.

மார்ச் 31, திங்கள்

பணம் வரவில்லை. மகோரி புதன்கிழமை என்கிறார். பொசிபோரி அம்மா வீட்டுக்கு ஓடினேன். மகன்கள் வாசலில். கையிலிருந்த பதினைந்தாயிரத்தை முன்பணமாக வைத்து மூணு நாள் தவணை கேட்டேன். பெரியவன் இருபது வேணும் என்றான். "பதினஞ்சு. இல்லாட்டி நாளைக்கு வேற ஆளைத் தேடு, நீ தேடி முடிக்கறதுக்குள்ள என் செக் வந்துரும்." கிழவி உள்ளேயிருந்து, "வாங்கிக்கோடா" என்று கத்தினாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

நிலப் பத்திரம் எழுதி முடிந்தது. பள்ளிப் பருவமும் இன்றோடு முடிந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

அண்ணன் போன். யார் சொன்னார்களோ.

"யார் பேர்ல எழுதியிருக்க?"

"என் பேர்ல."

"அப்பா பேரையும் சேர்த்து எழுதியிருக்கலாம். ஒரு மரியாதைக்கு."

"அப்பா மண்ணுல என் பேரைச் சேர்த்தியா, மரியாதைக்கு?"

பிறகு மழை எப்படி அங்கே என்றான். நல்ல மழை என்றேன்.

ஏப்ரல் 26, சனி

கிசி சந்தையில் சுகுமா கீரை விதை வாங்கினேன். கடைக்காரன் பொட்டலம் கட்டிக்கொண்டே, சும்மா பேச்சுக்கு, "எங்க போடப் போறீங்கம்மா?" என்றான்.

"என் நிலத்துல."

அவன் காதில் விழவில்லை. சில்லறை எண்ணிக்கொண்டிருந்தான். இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.