மாலேக்கு ஒன்றேகால் மணி நேரம்

என் மாலேக்காரி அக்காவுக்கு,

உன் மகள் ஷீபாவை விமான நிலையத்தில் விட்டு, விமானம் கிளம்பும்வரை நின்றுவிட்டு, திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். கால் கடுக்கிறது. மலைமேல் நம் போனக்காட்டுக்குப் போகிற பஸ் எப்போது வருமென்று கேட்டால் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டேன் என்கிறார்கள். நீ சமையல் வேலை பார்த்த அதே மாலத்தீவுக்குத்தான் அவளும் நர்ஸாகப் போகிறாள். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் அக்கா. உன் பிடிவாதம் அவளிடம் அப்படியே இருக்கிறது.

“அறுநூறு கிலோமீட்டர்தான் சித்தி, ஒண்ணேகால் மணிக்கூர். நீங்க பஸ் பிடிச்சு மலையடிவாரத்து விதுரா எத்துறதுக்குள்ள நான் மாலேல இறங்கியிருப்பேன்” என்றாள். முதல்முறை போகும்போது நீயும் இதைத்தானே சொன்னாய்? அங்கே கடிகாரம் நம்மைவிட அரை மணி பின்னால் என்று தெரிந்ததும், “போறப்போ அரை மணிக்கூர் லாபம்டி, வர்றப்போ பிடுங்கிருவான்” என்றாய். நம் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளே சிரித்தன.

அவ்வளவு பக்கத்தில் இருந்தவள் ஏன் மூன்றே முறை வந்தாய்? வானத்தில் ஒன்றேகால் மணி நேரம், லீவு கிடைக்க இரண்டு வருஷம். அதை எந்த டிக்கெட்டிலும் போடுவதில்லை.

கடைசியில் உன்னைப் பெட்டியில் கொண்டுவந்த விமானத்துக்கும் அதே ஒன்றேகால் மணி நேரம்தான். ஆம்புலன்ஸ் பாதி மலையில் நின்றுபோய், ஜீப்புக்கு மாற்றி உன்னை லயத்துக்குக் கொண்டுவருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அன்றைக்கு ஷீபா ஏழாம் வகுப்பு. அன்றிலிருந்து அவள் என் பிள்ளை. இவளையும் அந்தத் தீவுக்கு அனுப்பிவிட்டு இன்னும் எத்தனை வருஷம் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பது? எனக்கு அலுத்துவிட்டது அக்கா.

விமான நிலைய வாசலில் மனசு கேட்காமல், “எப்போடி வருவே?” என்று கேட்டுவிட்டேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

“லீவு கிட்டினா வருவேன். இல்லேன்னா நீங்க வாங்க சித்தி. இங்கேருந்து வந்தாலும் அதே ஒண்ணேகால் மணிக்கூர்தானே?”

போனவர்கள்தான் வர வேண்டும், இருப்பவர்கள் காத்திருக்க வேண்டும் என்பதுதானே நம் லயத்து வழக்கம்? நீ அங்கே காய்ச்சலில் கிடந்தபோதும் ஆளாளுக்குப் போனைப் பிடித்துக்கொண்டு “வந்துரு, வந்துரு” என்றுதான் அழுதோம். “வர்றோம்” என்று ஒரு வாய் சொல்லவில்லை. நம்மில் ஒருத்தருக்கும் அது ஏன் தோன்றவில்லை?

இந்நேரம் அவள் இறங்கியிருப்பாள். நான் இன்னும் தம்பானூரைத் தாண்டவில்லை. பஸ் ஒருவழியாக வந்துவிட்டது, ஏற வேண்டும். பாஸ்போர்ட் எடுக்க என்னென்ன வேண்டுமென்று நாளைக்கே விசாரிக்கப் போகிறேன்.

உன்மேல் சத்தியம் அக்கா. இனி உன் மகளிடம் “எப்போ வருவே” என்று கேட்க மாட்டேன். “வர்றேன்” என்றுதான் சொல்வேன்.

உன் மகளுக்குச் சித்தியான, உனக்கு என்றும் தங்கச்சியான
செல்வி