அந்தோணியாரிடம் சொன்ன நட்சத்திரம்

தோஹா

அன்புள்ள அம்மாவுக்கு வேல்விழி எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டதா?

பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டேன். பயப்படாதீர்கள், அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடைத்துவிட்டது! தேடும்போது, தொலைந்த பொருளைக் கிடைக்கச் செய்வாராம் என்று அறைத்தோழி ரெக்சலினின் அந்தோணியார் படத்துக்கு முன்னால் நின்று, அர்ச்சனைக்குச் சொல்வதுபோல் பெயர், நட்சத்திரம் எல்லாம் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏட்டி, அவரு சாமி இல்ல. நமக்காகச் சாமிகிட்ட மன்றாடுதவரு."

"நேரா சாமிகிட்டயே கேட்டா என்ன?"

"கேக்கலாம்லா. ஆனா பரீட்சைக்கு முன்னால ஒங்கம்மாவயும் இலஞ்சி கோயில்ல கும்பிடச் சொன்னியே, எதுக்கு?"

எனக்குப் புரிந்துவிட்டது அம்மா! உடனே உங்களிடம் சொல்லத் தோன்றியது.

ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடுங்கள். டூட்டிக்கு நேரமாகிவிட்டது. இலஞ்சியில் எனக்காகக் கும்பிடும்போது ரெக்சலின் பெயரையும் சொல்லுங்கள். அவளுக்கு நட்சத்திரம் தெரியாது. அம்மாவும் இல்லை.

வேல்விழி