திங்கட்கிழமை மீன்குழம்பு

எஸ்தர் மதினிக்கு,

நீங்கள் இருந்தவரை உங்களுக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. போனில் பேசித் தீர்க்கவே நமக்கு நேரம் போதாது. இப்போது எழுதித்தான் ஆகவேண்டும். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும். நாத்தனார் என்றாலே குறை சொல்கிறவள்தானே, இதிலும் குறைதான் முதலில் வரும்.

என்னை வசமாக மாட்டிவிட்டுப் போய்விட்டீர்கள் மதினி.

உங்கள் அடக்கத்துக்கு வந்தவள் நான். முப்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் நவி மும்பைச் சான்பாடாவில் இருக்கும் என் ஒற்றை அறைக்கும் தையல் கம்பெனி வேலைக்கும் திரும்பிவிடுவதாகத்தான் பேச்சு. ஜெபம் முடிந்து பாயைச் சுருட்டும்போது உங்கள் மகள் பிரியா கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தே, நீங்க கொஞ்ச நாள் இங்க இருந்தா அப்பாவுக்கு ஒரு கஷ்டமும் இருக்காது. நீங்க தனிக்கட்டைதான?" என்றாள். நல்ல பிள்ளைதான். செம்பூரில் மாமியார் வீட்டை விட்டு அவளால் அசைய முடியாது என்பதும் தெரியும். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று இருந்தது. கல்யாணம் ஆகாதவளுக்கு வீடு, வேலை, தூக்கம் எதுவுமே கிடையாதா? கொஞ்ச நாள் என்று சொன்னது மழைக்காலத்தைத் தாண்டி, கிறிஸ்துமஸையும் தாண்டிவிட்டது.

உங்கள் தாராவி வீட்டைப் பற்றி உங்களுக்கே சொல்ல வேண்டுமா? ஓட்டாவுக்கு, அந்தச் சமையல் மேடைக்கு, முன்னால் நின்று அடுப்பைப் பற்றவைத்தால் முதுகு பின்சுவரில் இடிக்கிறது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். காலையில் தண்ணீர் பிடித்து, சமைத்து, பாத்திரம் கழுவி நிமிர்ந்தால் மத்தியானச் சமையல் வந்துவிடும். அது முடிந்தால் ராத்திரிக்கு. ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும்.

மூன்று வேளையும் புதிதாகப் பொங்க வேண்டும், அதுதான் அண்ணன் வீட்டுச் சட்டம். ஏனென்று உங்களுக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணன் சின்ன வயதில் ஊரிலிருந்து வந்து ஒரு சொந்தக்காரர் மளிகைக்கடையில் வேலைக்கு நின்றார். அந்த வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியதுதான் அவருக்குச் சாப்பாடு. எனக்கென்று ஒரு வீடு வந்தால் பழசைத் தொடமாட்டேன் என்று அன்றைக்கே சபதம். இன்றைக்கு அவருக்குச் சொந்தமாக மளிகைக்கடை. வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், "எங்க வீட்டுல ஃபிரிட்ஜே தண்ணி பாட்டிலுக்குத்தான்" என்று பெருமையடிப்பார். நாங்களும் நம்பினோம்.

உங்கள் தம்பி கல்யாணத்துக்கு ஊருக்குப் போன நீங்கள், தாலி கட்டிய மறுநாளே ரயிலேறிவிட்டீர்கள். ஏன் மதினி இந்த ஓட்டம் என்று கேட்டேன். "உங்க அண்ணன் பழச தொடமாட்டாவல்லா" என்று சிரித்தீர்கள். அன்றைக்கு உங்களைப் பாக்கியவதி என்று நினைத்தேன் நான்.

அவர் தொடாத மிச்சத்தைக் கொட்ட மனசு வருமா? எல்லாம் என் வயிற்றுக்குத்தான். அவருக்குப் புது தோசை, எனக்கு நேற்றைய சோறு. அவருக்குப் புதுப் பருப்பு, எனக்குக் காலையில் வைத்த சாம்பார். அப்படிச் செய்தும் ஒவ்வொரு வேளையும் ஒரு குறை வரும். "நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க மதினி வைக்க மாதிரி இல்ல."

அதிலும் திங்கட்கிழமை வந்தால் போதும். "ஞாயித்துக்கெழம மீன்கொழம்பு எல்லார் வீட்டுலயும் நல்லாத்தான் இருக்கும். திங்கக்கெழம கொழம்புதாம்ட்டி உங்க மதினி கொழம்பு" என்பார். நானும் திங்கட்கிழமை காலையில் கோலிவாடா மீன் சந்தைக்கு ஓடுவேன். அன்றைக்குச் சிவனுக்கு விரதம் என்று இந்த ஊரில் பாதிப் பேர் மீனைத் தொடமாட்டார்கள், மூலையில் ஒருத்தி மட்டும் கூடையோடு உட்கார்ந்திருப்பாள். அவளிடம் இருக்கிற பாங்கடாவை, அதுதான் நம் ஊர் அயிலை மீனை, வாங்கிவந்து, புளி கரைத்து, தேங்காய் அரைத்துக் குழம்பு வைப்பேன். அண்ணன் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு திங்கட்கிழமை எனக்குக் காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் குழம்பை அப்படியே சட்டியோடு சூடு பண்ணி, வருவது வரட்டும் என்று ஊற்றினேன். அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இதுதாம்ட்டி! இதுதான் அவ வச்ச கொழம்பு!" அவர் கண்ணில் தண்ணீர்.

எனக்குக் காய்ச்சலே விட்டுப்போயிற்று. மீன்குழம்பு மறுநாள்தான் ருசி என்று நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சபதம் போட்ட வேகத்தில் இவர் அதை மறந்துவிட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனுஷருக்கு நீங்கள் பழசைப் போட்டே குடும்பம் நடத்தியிருக்கிறீர்கள்! அவர் கடைக்குப் போன பிறகு தரையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

அப்புறம்தான் உங்கள் டப்பாக்களைச் சரியாகப் பார்த்தேன். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் எதற்கு அவ்வளவு ரவை, எதற்கு அவ்வளவு கடலை மாவு? எல்லாம் பழசுக்கு வேஷம் போடத்தானே! மிஞ்சிய சோற்றோடு ரவையும் தயிரும் சேர்த்து அரைத்து ஊற்றினேன், ஓரம் முறுகிய தோசை வந்தது. ராத்திரிப் பருப்பை ஊற்றிக் கோதுமை மாவைப் பிசைந்து ஓமம் தூவினால், சப்பாத்தி மெத்தென்று இருக்கிறது. இட்லியை உதிர்த்து வெங்காயமும் கடுகும் தாளித்தால் உப்புமா. குழைந்த சோற்றில் கடலை மாவும் பச்சை மிளகாயும் போட்டுப் பொரித்தால் சாயங்காலத்துக்குப் பக்கோடா. காய்ந்த சப்பாத்தியைப் பிய்த்து வேர்க்கடலையோடு தாளிப்பதைப் பக்கத்து மராத்திக்காரி வீட்டில் பார்த்திருப்பீர்கள். அண்ணன் எல்லாவற்றையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இப்பத்தான் ஒனக்குக் கை வந்துருக்கு" என்றார்.

நன்றாகச் சமைத்ததுதான் நான் செய்த முட்டாள்தனம். அண்ணன் குறை சொல்லிக்கொண்டிருந்த வரைக்கும், என்றைக்காவது போய்த்தொலை என்று அனுப்பிவிடுவார் என்ற நம்பிக்கை இருந்தது. இப்போது பிரியா போனில், "அம்மா கை அப்படியே ஒங்களுக்கு வந்துருச்சாமே அத்தே, இனி நீங்க எங்கயும் போயிராதீங்க" என்கிறாள். வீட்டு ஜெபத்தில் பாஸ்டர், "இந்தச் சகோதரியை நீர் தனிமையாய் வைத்திருந்தது இந்தக் காரியத்துக்காகவே, ஆண்டவரே" என்றார். என்னைத் தவிரக் கூடியிருந்தவர்கள் எல்லோரும் ஆமென் சொன்னார்கள். ஆண்டவரையே அந்தப் பக்கம் சேர்த்துக்கொண்டால் நான் யாரிடம் போய் முறையிட?

கம்பெனி மேடம் போன் பண்ணினாள். "செல்வி, சோம்வார் தக் ஆ ஜாவ்" என்றாள். திங்கட்கிழமைக்கு மேல் என் இடத்தைப் பிடித்துவைக்க முடியாதாம். அவள் இவ்வளவு நாள் பொறுத்ததே பெரிது.

வெள்ளிக்கிழமை அண்ணனிடம் சொன்னேன். உங்கள் ரவைத் தோசையைத்தான் தின்றுகொண்டிருந்தார்.

"போறியா? அப்ப எனக்கு யாரு புதுசு புதுசாப் பொங்கிப் போடுவா?"

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "எது புதுசு? இப்ப நீங்க திங்கது நேத்தைய சோறு. மதினி காலம்பூரா ஒங்களுக்குப் போட்டதும் இதுதான். அந்தத் திங்கக்கெழம கொழம்பு ஞாயித்துக்கெழம வச்சது. புதுசாம், புதுசு!"

தட்டைத் தள்ளினார். "செத்தவ மேல பழி போடாத" என்றார், அவ்வளவுதான். மறுநாள் ஓட்டலில் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை கோவில் விட்டு வந்ததும் சோறும் மீன்குழம்பும் வைத்து மூடிவிட்டுப் பையைத் தூக்கினேன். போய்ட்டு வாரேன் என்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சயானில் ரயிலேறி, குர்லாவில் மாறி, சான்பாடா வரும்வரை அழுதுகொண்டே வந்தேன். உங்களை நான் காட்டிக்கொடுத்தது சரியா மதினி? ஒருவரிடமும் சொல்லாமல் எப்படி இருந்தீர்கள்? தினமும் ஒரு வேஷம் போட்டு அந்தச் சோற்றைப் பரிமாற உங்களுக்கு அலுக்கவே இல்லையா?

திங்கட்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து அறைக்கு வந்தேன். அண்ணன் போன்.

"வேலைக்குப் போனியா?"

"போனேன்."

"அந்தக் கொழம்பச் சுட வச்சுத் தின்னேன்." மூடியைத் திறந்து பார்க்கிற சத்தம். "சோறு மிச்சம் கெடக்கு. கொட்டிரவா?"

"கொட்டாதீங்க. மிக்ஸில போடுங்க. ரெண்டு கரண்டி ரவையும் கொஞ்சம் தயிரும் போடுங்க."

"ரவை எங்கன இருக்கு?"

ஆயுசு முழுக்க ரவை நிறுத்து விற்றவர். டப்பா டப்பாவாகத் திறக்கிற சத்தம் கேட்டது. இது உளுந்து, இது அவல், இது என்னதுன்னு தெரியலையேட்டி என்று முனகிக்கொண்டே தேடினார். கடைசியில் கிடைத்தது. மிக்ஸி ஓடியது. முதல் தோசை கல்லில் ஒட்டிக்கொண்டது என்று கத்தினார். மொத தோசை ஒட்டத்தாண்ணே செய்யும் என்றேன். அப்புறம் மெல்லுகிற சத்தம்.

"இதத்தான் எனக்குப் போட்டாளா?"

"ஆமாண்ணே."

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா தின்னுருப்பீங்களா?"

கல்லில் இன்னொரு தோசை ஊற்றுகிற சத்தம் கேட்டது. அப்புறம் கேட்டார்: "பழச தொடமாட்டேன், தொடமாட்டேன்னு சொல்லியே நான் அவள எங்கயும் போகவிடாமப் பண்ணிட்டேனோட்டி?"

இல்லை அண்ணே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. நான் சொல்லவில்லை.

மதினி, அண்ணனைப் பட்டினி போடமாட்டேன், பயப்படாதீர்கள். எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று எத்தனை தரம் கேட்டாலும் போனில் சொல்வேன். ஆனால் அங்கே போய் அடுப்பைப் பற்றவைக்க மாட்டேன், பிரியா அழுதாலும் பாஸ்டர் ஜெபித்தாலும் சரி. இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு. உங்களுக்காகவும் சேர்த்துத்தான் கொடுக்கிறேன்.

உங்களைக் காட்டிக்கொடுத்த நாத்தனார்,
செல்வி